ஸ்மார்ட் போர்டா, மூடுலா, அச்சடித்த அட்டையா? துறைக்கு ஒதுக்கிய பணத்தை எதில் போடுவது

கல்வியாண்டு தொடங்கும்போது நிர்வாகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வரும். துறைக்கு இவ்வளவு தொகை, கற்பித்தலில் தொழில்நுட்பத்தைக் கொண்டுவர என்ன வேண்டும் என்று ஒரு வாரத்துக்குள் எழுதித் தாருங்கள் என்று. பெரும்பாலான துறைகள் உட்கார்ந்து பேசாமலே எழுதிவிடும்: ஸ்மார்ட் போர்டு ஒன்று. அதில் தப்பு சொல்ல முடியாது. பெரிய பொருள், கண்ணுக்குத் தெரியும், கல்லூரிக்குத் தரம் போடும் நாக் குழு வந்தால் நேரே அந்த அறைக்கு அழைத்துப் போகலாம். ஆனால் அதே தொகையில் வேறு என்னென்ன கிடைக்கும், அதில் எது பிள்ளைகளின் படிப்புக்கு உதவும் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஸ்மார்ட் போர்டு என் பட்டியலில் கடைசிப் பக்கமாகப் போய்விடுகிறது. நான் சேலத்தில் வணிகவியல் எடுப்பவள். அதனால் என் உதாரணங்களும் கணக்குப் பாடத்திலிருந்தே வரும்.

முதலில் யாருக்காக வாங்குகிறோம் என்று பார்த்துவிடலாம். இங்கே கலை அறிவியல் கல்லூரி வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பகுதி வீட்டிலிருந்து வந்து போகிறவர்கள். செவ்வாய்ப்பேட்டை, பனங்காடு பக்கத்துப் பையன்கள் சிலர் கல்லூரி விட்டதும் வெள்ளிப் பட்டறைக்குப் போவார்கள். இளம்பிள்ளையிலிருந்து வருகிறவர்கள் வீட்டில் தறி ஓடும். வாழப்பாடி, ஓமலூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடும் கூட்டம் ஒன்று. அப்புறம் சேர்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிற பிள்ளைகள். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு. டவுனில் போன் ஒழுங்காக எடுக்கும். நாகலூர், மாரமங்கலம் என்று உள்ளே போகப் போக, எங்கே நின்றால் சிக்னல் கிடைக்கும் என்பது வீட்டுக்கு வீடு மாறும் சமாச்சாரம்.

போன் எல்லோரிடமும் இருக்கிறது என்று கூட்டங்களில் சொல்கிறோம். வீட்டுக்கு ஒரு போன், பகலில் அப்பாவோடு வேலைக்குப் போகிறது, இரவில் தம்பி கையில் இருக்கிறது என்பதும் அதே ‘இருக்கிறது’ கணக்கில்தான் வருகிறது. கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்புக்காகத் தமிழக அரசு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜிபி இலவச டேட்டா கார்டு கொடுத்தது நினைவிருக்கும். வீடியோ வகுப்பு நடத்த வேண்டுமானால் பிள்ளைகளுக்கு டேட்டாவையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது என்பதை நாம் சீக்கிரமே மறந்துவிட்டோம்.

ஆகவே எந்தக் கருவியைக் காட்டினாலும் நான் இரண்டு விஷயம் கேட்பேன். போன் இல்லாத, அல்லது டேட்டா தீர்ந்துபோன பிள்ளைக்கு அது வேலை செய்யுமா? பிள்ளைக்குப் புரியவில்லை என்பதை அது எனக்கு எப்போது சொல்லும்: வகுப்பு முடிவதற்குள்ளா, இன்டர்னல் பேப்பர் திருத்தும்போதா, அரியர் பட்டியல் ஒட்டும்போதா? இரண்டாவது கேள்விக்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுக்கிறேன். பாடத்தை அழகாகக் காட்டும் கருவிகள் கடை நிறைய இருக்கின்றன. பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று எனக்குக் காட்டுகிறவை குறைவு. மூன்றாவதாக ஒரு சில்லறைக் கேள்வியும் உண்டு, ஆனால் பல திட்டங்கள் செத்தது அதில்தான்: இதை ஓட்டத் தெரிந்த ஆள் மாற்றலாகிப் போனால் அடுத்து யார்?

ஸ்மார்ட் போர்டு

தொடுதிரைப் பலகை ஒன்று, பெரிய அளவில், நல்ல கம்பெனியாகப் பார்த்தால் ஒரு லட்சத்தைத் தொடும் அல்லது தாண்டும். அது ஒரு அறைக்குத்தான். துறையில் மூன்று வருட இளங்கலை, இரண்டு ஷிப்ட், முதுகலை என்று வகுப்புகள் இருக்கும். பலகை எந்த அறையில் இருக்கிறதோ அந்த வகுப்புக்கு யோகம். மற்றவர்களுக்கு அது வாரம் ஒரு முறை ‘சுற்றுலா’.

நல்லது எதுவும் இல்லை என்று சொல்ல மாட்டேன். டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஒரு வவுச்சர் போட்டால் இருப்புநிலைக் குறிப்பு எப்படி மாறுகிறது என்று நேரில் காட்டுவது கரும்பலகையில் நடக்காத காரியம். இயற்பியல், வேதியியல், உயிரியல் துறைகளுக்கு இன்னும் பயன் அதிகம். கொலராடோ பல்கலைக்கழகம் 2002 முதல் இலவசமாகத் தரும் ஃபெட் உருவகப் பயிற்சிகளைத் திரையில் ஓட்டி, மாணவரையே வரச்சொல்லி மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க வைக்கலாம். சிலவற்றைத் தமிழிலேயே பார்க்கலாம். ஆனால் இதற்கெல்லாம் ஒரு சாதாரண புரொஜெக்டரும் வெள்ளைச் சுவரும் ஒரு லேப்டாப்பும் முக்கால்வாசி போதும். பலகை பெரிதானாலும் சிறிதானாலும் நடுவரிசையில் தலையாட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைக்குப் புரிந்ததா இல்லையா என்று அது சொல்லப் போவதில்லை. என் முக்கியமான கேள்விக்கு இதனிடம் பதில் இல்லை.

வீடியோ வகுப்பு, என்பிடெல், ஸ்வயம்

‘நாமே வகுப்பைப் படம் பிடித்து யூடியூபில் போட்டுவிடலாம்’ என்ற யோசனை ஒவ்வொரு துறைக் கூட்டத்திலும் வரும். படம் பிடிப்பதில் தவறில்லை. ஐம்பது நிமிட வகுப்பை ஐம்பது நிமிடமாகவே போடுவதில்தான் வீண். எட்எக்ஸ் தளத்தின் பாட வீடியோக்கள் 69 லட்சம் முறை பார்க்கப்பட்ட விவரத்தை அலசி 2014இல் வெளியான ஆய்வு ஒன்று, ஆறு நிமிடத்துக்கு மேல் போனால் பார்க்கிறவர்களின் ஈடுபாடு சரிகிறது என்று கண்டது. அவர்கள் பெரும்பாலும் விரும்பிச் சேர்ந்த மாணவர்கள். பட்டறையில் நின்றுவிட்டு இரவு எட்டு மணிக்கு வீட்டுக்கு வருகிற பையன் நம் முழு வகுப்பை மறுபடி உட்கார்ந்து பார்ப்பான் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இன்னொரு சிக்கல், வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் ‘புரிந்துவிட்டது’ என்ற ஒரு திருப்தி வந்துவிடுகிறது. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் செய்த பரிசோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு குழு பாடப்பகுதியை மறுபடி படித்தது. இன்னொரு குழு ஒரு முறை படித்துவிட்டு, நினைவில் இருப்பதை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தால் மறுபடி படித்தவர்கள் 81 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்து வைத்தால் நிலைமை தலைகீழ்: 42, 56. நம் செமஸ்டர் தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை.

வெளியில் இருக்கும் பாடங்கள் வேறு கதை. ஐஐடிக்களும் இந்திய அறிவியல் கழகமும் 2003இல் தொடங்கிய என்பிடெல், 2017 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய ஸ்வயம் ஆகிய இரண்டு இணையப் பாடத் தளங்களிலும் நல்ல பேராசிரியர்களின் பாடங்கள் குவிந்து கிடக்கின்றன. கற்க இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் கட்டணம். என்பிடெலில் வழக்கமாக 1000 ரூபாய். ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாக எடுத்துக் கிரெடிட் பெற பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2021இல் வழிசெய்தது. முதுகலை மாணவருக்கும் போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவருக்கும் இதைத் தயங்காமல் சொல்வேன். தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த முதலாண்டுப் பிள்ளைக்கு, பக்கத்தில் யாரும் உட்கார்ந்து விளக்காமல், ஆங்கிலத்தில் பன்னிரண்டு வாரம் தனியாகக் கேள் என்றால் மூன்றாவது வாரம் காணாமல் போய்விடும்.

வீடியோவுக்குப் பதில் ஒலிப்பதிவு என்று யோசிப்பவர்கள் குறைவு. கணக்கிட்டுப் பாருங்கள்: நொடிக்கு 32 கிலோபிட் வேகத்தில் பதிந்த பேச்சு ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 14 எம்பி வரும். அதே நேர வீடியோ, சுமாரான தரத்தில்கூட, சில நூறு எம்பி. ‘இந்த வாரப் பாடத்தில் தேர்வுக்கு வேண்டியது இதுதான், இந்தக் கணக்கில் இந்த இடத்தில் கவனம்’ என்று எட்டு நிமிடம் பேசி அனுப்பினால் இரண்டு எம்பியில் முடிந்துவிடும். பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு கேட்கலாம். அடிவாரத்தில் இறக்கி வைத்துக்கொண்டால் மேலே சிக்னலே வேண்டாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதே, அந்த மாதிரி நாட்களில் மலைப் பிள்ளைகளை எட்டக்கூடியது நேரலை வகுப்பல்ல. எப்போதோ ஒரு நிமிடம் சிக்னல் வரும்போது இறங்கிவிடுகிற சின்னக் கோப்புதான்.

வாட்ஸ்அப்

யாரும் திட்டமிடாமலே எல்லாத் துறையிலும் ஓடிக்கொண்டிருக்கும் கருவி இது. எல்லோருக்கும் தெரியும், பயிற்சி வேண்டாம், பழைய போனிலும் ஓடும். அறிவிப்புக்கும் ஒலிப்பதிவு அனுப்பவும் இதை விட்டால் வேறு இல்லை. பாடம் நடத்த மட்டும் ஆகாது. வகுப்பு குரூப் என்பது பழைய பஸ் ஸ்டாண்டு மாதிரி: நோட்ஸ், பிறந்தநாள் வாழ்த்து, ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி, யாரோ தொலைத்த ஐடி கார்டு எல்லாம் ஒரே இரைச்சலில். போன வாரம் அனுப்பிய கணக்கைத் தேடி எடுப்பதற்குள் பிள்ளைக்குப் படிக்கிற ஆசை போய்விடும். அறுபது பேர் பார்க்கிற இடத்தில் ‘எனக்குப் புரியல’ என்று எழுதவும் எவருக்கும் வாய் வராது.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சாதாரண குரூப்பில் சேர்த்தால் ஒவ்வொருவர் எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரியும். அதில் வரும் தொல்லைகளைப் பிள்ளைகள் நம்மிடம் சொல்வதில்லை. குரூப்பை விட்டு வெளியேறிவிடுகிறார்கள், அறிவிப்பும் அவர்களுக்குப் போவதில்லை. சேனலாகத் தொடங்கினால் பின்தொடர்பவர்களின் எண்கள் ஒருவருக்கொருவர் தெரியாது. மாற்றச் செலவு பூஜ்யம்.

கிளாஸ்ரூமா, மூடுலா

நோட்ஸ், அசைன்மென்ட், தேர்வு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் இணையத்தில் நடத்த உதவும் தளங்கள் இவை. இந்த இடத்தில்தான் துறைகளுக்குள் உண்மையான சண்டை. கணினி அறிவியல் துறை நண்பர்கள் மூடுல் என்பார்கள், மற்றவர்கள் கூகுள் கிளாஸ்ரூம் என்பார்கள். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு.

கிளாஸ்ரூம் 2014இல் வந்தது. காசில்லை, சர்வர் வேண்டாம், ஜிமெயில் கணக்கு வைத்திருக்கத் தெரிந்தவர் அரை மணியில் பழகிவிடலாம். அலகு வாரியாக நோட்ஸ் போடலாம், அசைன்மென்ட் வாங்கலாம், கூகுள் ஃபார்மில் கேள்வி வைத்தால் திருத்தமும் தானே நடக்கும். இன்டர்னல் 25 மதிப்பெண்ணுக்கு யார் எதை எப்போது கொடுத்தார்கள் என்ற பதிவு நிற்கும். மாணவர் வந்து ‘நான் அன்னிக்கே குடுத்துட்டேன் மேடம்’ என்று சொன்னால் இரண்டு பேரும் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம். குறை என்ன என்றால், இணையம் இல்லாமல் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. ஃபார்மில் வைக்கும் கேள்வி எல்லோருக்கும் ஒரே கேள்வி. முதலில் போட்டவன் விடை பத்து நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றும்.

மூடுல் இந்த இரண்டு இடத்திலும் ஜெயிக்கிறது. ஆஸ்திரேலியாவில் மார்ட்டின் டூகியாமாஸ் தொடங்கி 2002இல் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள் அது. அதன் செயலியில் பாடத்தைக் கல்லூரி வைஃபையிலேயே இறக்கிக்கொண்டு, ஆசிரியர் அனுமதித்திருந்தால் வினாடி வினாவைக்கூட இணையமில்லாமல் போட்டு, மறுநாள் கல்லூரிக்கு வந்து சேர்க்கலாம். வணிகவியல்காரர்களுக்கு அதைவிட ருசியான விஷயம் ஒன்று இருக்கிறது. ‘கணக்கிடும் கேள்வி’ என்ற வகையில், நாம் சூத்திரத்தை மட்டும் கொடுத்தால் எண்களை அது மாற்றிக்கொண்டே இருக்கும். ஒருத்திக்கு 800 கிலோ, 5 சதவீதச் சேதம். பக்கத்தில் இருப்பவளுக்கு 1,200 கிலோ, 3 சதவீதம். விடையைக் கேட்டு வாங்கிப் பயனில்லை. செய்யும் முறையைத்தான் கேட்க வேண்டும். பிள்ளைகள் ஒருவருக்கொருவர் முறையைச் சொல்லிக்கொடுத்தால் அதைவிட நமக்கென்ன வேண்டும்?

இருந்தும் என் துறைக்கு மூடுல் கேட்டு எழுத மாட்டேன். மென்பொருள் இலவசம், ஆள் இலவசமில்லை. சர்வர் பார்க்க வேண்டும், புதிய பதிப்பு ஏற்ற வேண்டும், ஜூன் மாதம் புது மாணவர் பட்டியலைச் சேர்க்க வேண்டும், கடவுச்சொல் மறந்தவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். இதெல்லாம் ஆர்வமுள்ள ஒரே ஒருவர் தலையில் விழும். அவருடைய வேலைப்பளுக் கணக்கில் வாரம் இரண்டு மணி நேரம் இதற்கு என்று எழுத்தில் ஒதுக்கினால் மூடுல் எடுங்கள். ‘அவர் பார்த்துக்குவார்’ என்று வாய்ச்சொல்லில் விட்டால், அவர் வேறு கல்லூரிக்குப் போகும் நாளில் மூடுலும் போய்விடும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. விடுதியோடு மலை மேலேயே இருக்கும் நிறுவனம் என்றால், ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினியில் மூடுல்பாக்ஸ் என்பதை ஏற்றி வைக்கலாம். அது தானே ஒரு வைஃபை பரப்பும். வெளி இணையம் இல்லாமலே பிள்ளைகள் அந்த அறையில் அதோடு இணைந்து பாடம் எடுக்கலாம், தேர்வு எழுதலாம். சில ஆயிரங்களில் முடிகிற காரியம். மழையில் கேபிள் அறுந்தாலும் நிற்காது.

அச்சடித்த அட்டை

இதைத் தொழில்நுட்பம் என்று சொன்னால் கூட்டத்தில் சிரிப்பார்கள். பிளிக்கர்ஸ் என்று பெயர். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு அட்டை. அதில் க்யூஆர் குறி போல ஒரு கறுப்பு வடிவம், ஒவ்வொருவருக்கும் வேறு வேறு. வடிவத்தின் நான்கு பக்கமும் சின்ன எழுத்தில் ஏ, பி, சி, டி. நாம் கேள்வி கேட்கிறோம். மாணவர் தன் விடையின் எழுத்து மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடிக்கிறார். நாம் நம் போன் கேமராவை வகுப்பின் மீது இடமிருந்து வலமாக நகர்த்துகிறோம். யார் எந்த விடை என்று சில நொடிகளில் திரையில் வந்துவிடுகிறது. மாணவரிடம் போன் வேண்டாம், டேட்டா வேண்டாம். பக்கத்தில் இருப்பவரின் அட்டையைப் பார்த்து எழுதவும் முடியாது, வடிவங்கள் வேறு என்பதால். தப்பாகச் சொன்னால் யாருக்கும் தெரியாது, எனக்கு மட்டும் தெரியும். நமக்கு வேண்டியது ஒரு ஸ்மார்ட்போனும் இணையமும். இலவசக் கணக்கில் சில வரம்புகள் இருந்தாலும் வகுப்புக்கு மூன்று நான்கு கேள்விக்கு அது தாங்கும். அட்டைகளைத் தடித்த தாளில் அச்சடிக்க ஆகும் செலவை துறைத் தலைவர் பாக்கெட்டிலிருந்தே கொடுத்துவிடலாம்.

எப்படி உதவுகிறது என்பதை ஒரு கேள்வியை வைத்தே சொல்கிறேன். அடக்கவிலைக் கணக்கியலில் செயல்முறை அடக்கவிலை என்று ஒரு பகுதி. சேலத்துப் பிள்ளைகளுக்குக் கொலுசுப் பட்டறையை வைத்தே கேட்கலாம். ‘உருக்கும் பிரிவில் 1,000 கிராம் வெள்ளி போகிறது. பொருளும் கூலியும் சேர்த்து மொத்தச் செலவு 96,000 ரூபாய். வழக்கமான சேதம் 4 சதவீதம். வெளியே வந்தது 950 கிராம். கழிவுக்கு விலை இல்லை என்று கொண்டால், அசாதாரணச் சேதத்தின் மதிப்பு என்ன?’ ஏ: 1,000 ரூபாய். பி: 960. சி: 1,011. டி: 4,800.

சரியான விடை ஏ. வழக்கமான சேதம் 40 கிராம் போக வர வேண்டியது 960. 96,000ஐ 960ஆல் வகுத்தால் கிராமுக்கு 100. வந்தது 950தான், ஆக அசாதாரணச் சேதம் 10 கிராம், மதிப்பு 1,000 ரூபாய். ஆனால் எனக்கு முக்கியம் தப்பு விடைகள். பி சொன்னவள் 1,000ஆல் வகுத்திருக்கிறாள். வழக்கமான சேதத்தின் சுமையை நல்ல சரக்குதான் தாங்க வேண்டும் என்பது அவளுக்கு இன்னும் இறங்கவில்லை. சி சொன்னவன் 950ஆல் வகுத்து, அசாதாரணச் சேதத்தையும் நல்ல சரக்கின் தலையில் கட்டிவிட்டான். டி சொன்னவர்களுக்கு இரண்டு சேதமும் ஒன்று. 1,000ஆல் வகுத்து, 50 கிராமையும் மொத்தமாக எடுத்திருக்கிறார்கள். மூன்று தப்புக்கும் மூன்று வேறு மருந்து. இன்டர்னல் பேப்பரில் இதைக் கண்டுபிடிக்க நான் அறுபது விடைத்தாள் புரட்ட வேண்டும், அதற்குள் பாடம் அடுத்த அலகுக்குப் போயிருக்கும். அட்டையில் அரை நிமிடம்.

அதற்கடுத்து என்ன செய்வது என்பதில் ஹார்வர்டில் இயற்பியல் எடுத்த எரிக் மஸூர் 1991 முதல் பின்பற்றிய முறை கைகொடுக்கும். பெரும்பாலோர் சரி என்றால் மேலே போய்விடலாம். மிகச் சிலரே சரி என்றால் மறுபடி நடத்த வேண்டும். ஏறக்குறைய பாதி வகுப்பு சரி, பாதி தப்பு என்றால் விடையைச் சொல்லாமல், ‘பக்கத்தில் இருப்பவரிடம் உன் விடை ஏன் சரி என்று சொல்லு’ என்று இரண்டு மூன்று நிமிடம் விட்டு, மறுபடி அட்டை தூக்கச் சொல்ல வேண்டும். வெள்ளிப் பட்டறைக்குப் போகிற பையன் அன்றைக்கு வகுப்பின் ஆசிரியர் ஆகிவிடுவான். ‘மேடம், கழிவுக்கு விலை இல்லைன்னு சொல்றீங்க. பட்டறையில தரையைக் கூட்டுன தூசியைக்கூட எடுத்து வச்சு வெள்ளி பிரிச்சிடுவாங்க’ என்று ஆட்சேபித்தால் சந்தோஷம்தான். கழிவு விற்ற பணத்தை எங்கே கழிப்பது என்ற அடுத்த பாடத்துக்கு அவனே கதவைத் திறந்துவிட்டான்.

இது ஏதோ ஒரு ஆசிரியரின் ஆசை அல்ல. அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் ஃபிரீமன் குழு வெளியிட்ட பகுப்பாய்வில், மாணவரைப் பேசவும் செய்யவும் வைத்த வகுப்புகளில் தேர்வு மதிப்பெண் சராசரியாக 6 சதவீதம் கூடியது; விரிவுரை மட்டுமே கேட்ட வகுப்புகளில் தோல்வியடையும் வாய்ப்பு ஒன்றரை மடங்காக இருந்தது. வணிகவியல் அந்தப் பட்டியலில் இல்லைதான். ஆனால் கணக்குப் போடும் பாடம் என்ற அளவில் நாம் அவர்களுக்குத் தூரத்துச் சொந்தம்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். நான்கு விடைக்கு மேல் வைக்க முடியாது. கணக்கின் படிகளைப் பார்க்க முடியாது. கடைசி வரிசை இருட்டாக இருந்தால் கேமரா தடுமாறும். சிலர் அட்டையை விரலால் மறைத்துப் பிடிப்பார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு நல்ல தப்பு விடைகளை யோசிப்பது. ஒரு கேள்விக்கு மூன்று தப்பு விடை, மூன்றும் பிள்ளைகள் உண்மையில் செய்யும் தப்பாக இருக்க வேண்டும். பழைய விடைத்தாள்கள்தான் இதற்குச் சுரங்கம். சாட்ஜிபிடியிடம் கேட்டால் பத்து கேள்வி நொடியில் கொட்டும், சில நன்றாகவும் இருக்கும். எண்களை ஒவ்வொன்றாக நாமே போட்டுப் பார்க்காமல் வகுப்புக்கு எடுத்துப் போகக் கூடாது. அதே சாட்ஜிபிடி வந்த பிறகு வீட்டு அசைன்மென்டை வைத்துப் பிள்ளைக்குப் புரிந்ததா என்று சொல்ல முடியாது என்பதும் அட்டையின் பக்கம் சேரும் இன்னொரு காரணம்.

சரி, என்ன எழுதிக் கொடுப்பது?

நான் எழுதுவதாக இருந்தால் வரிசை இப்படி. அட்டைகள், துறையின் எல்லா வகுப்புக்கும். கூகுள் கிளாஸ்ரூம், ஒரு பாடத்துக்கு ஒன்று. அதில் நோட்ஸும் வாரம் ஒரு சின்னத் தேர்வும், வெள்ளி காலை திறந்து திங்கள் மாலை வரை நீளும்படி, அப்போதுதான் மலைப் பிள்ளை கல்லூரியில் இருக்கும் நேரத்திலேயே போட்டுவிட முடியும். வாரம் ஒரு எட்டு நிமிட ஒலிப்பதிவு, வாட்ஸ்அப் சேனலில். இதுவரை செலவு சில நூறு ரூபாய்.

மிச்சப் பணத்துக்கு முதலில் காலர் மைக்கும் ஸ்பீக்கரும் வாங்குவேன். எழுபது பேர் உட்காரும் அறையில், வெளியே பஸ் ஹாரன், மேலே மின்விசிறி, கடைசி வரிசைக்கு வணிகவியலே போய்ச் சேருவதில்லை. இதைத் தொழில்நுட்பம் என்று யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை, ஆனால் தொண்டை கட்டிக்கொண்ட ஆசிரியர்களைக் கேட்டால் சொல்வார்கள். அப்புறம் நகர்த்தக்கூடிய புரொஜெக்டர் இரண்டு. இன்னும் பணம் மிஞ்சினால் துறை நூலகத்தில் கல்லூரி வைஃபையோடு நான்கு டேப்லெட். வீட்டில் போன் கிடைக்காதவர்கள் அங்கே உட்கார்ந்து தேர்வை முடிக்கலாம்.

வேறு துறைக்கு இந்த வரிசை மாறும். விலங்கியலும் புவியியலும் பெரிய திரை கேட்டால் கொடுக்கலாம். முதுகலை மட்டும் உள்ள துறைக்கு என்பிடெல் தேர்வுக் கட்டணத்துக்கு உதவித்தொகை ஒதுக்குவது எதையும்விட மேல். இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று 2025 மார்ச் பட்ஜெட்டில் அரசு அறிவித்தது. உங்கள் வகுப்பில் எல்லோர் கைக்கும் அது வந்துவிட்டால் மூடுலுக்கு எதிராக நான் சொன்னதில் பாதி பலம் இழந்துவிடும். அப்போது அந்த வாரம் இரண்டு மணி நேர வேலைப்பளுவை முதலில் எழுதி வாங்கிக்கொண்டு மூடுலுக்கு மாறலாம்.

கோரிக்கைக் கடிதத்தில் அட்டை என்று மட்டும் எழுதினால் கணக்குப் பிரிவு திருப்பி அனுப்பும். ‘உடனடி மதிப்பீட்டுக் கருவி, வகுப்புக்கு 60 எண்ணிக்கை’ என்று எழுதுங்கள். அச்சகத்தில் கொடுக்கும்போது பளபள லேமினேஷன் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், டியூப்லைட் வெளிச்சம் பட்டால் கேமராவுக்குக் கண் கூசும். கருமை குறையாமல் கட்டித் தாளில் அடித்தாலே போதும். ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு மூன்று அட்டை கூடுதலாக அடியுங்கள், இரண்டாவது வாரமே ஒன்றிரண்டு தொலைந்துவிடும்.